வேலை கேட்காமல், வேலையைப் பற்றிக் கேட்பது எப்படி?

ஒரு துறை நமக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள, அதை அறிந்த சிலரிடம் ஆளுக்கு 20 நிமிடம் பேசினால் போதும். ஆனால் போவது வேலை கேட்க அல்ல, வேலையைப் பற்றிக் கேட்க. பேச்சின் நடுவே "உங்க ஆபீஸ்ல ஏதாவது இடம் இருக்கா?" என்று ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் அந்த நொடியிலிருந்து அளந்துதான் பேசுவார்.

முதலில் ஆள். பெரிய பதவியில் இருப்பவரைத் தேடி ஓடாதீர்கள். புதிதாகச் சேருகிறவர் முதல் இரண்டு ஆண்டுகளில் என்ன செய்வார் என்பது அவருக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கும். சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆனவர் ஒருவர், பத்தாண்டு தாண்டியவர் ஒருவர், அந்தத் துறையை விட்டே போனவர் ஒருவர் என்று குறைந்தது மூவரிடமாவது பேச வேண்டும். விட்டுப் போனவரைப் பலரும் தேடுவதில்லை. மறைக்க வேண்டிய அவசியம் இல்லாததால் மனம்விட்டுப் பேசக்கூடியவர் அவர்தான். கசப்பும் கலந்திருக்கலாம் என்பதால், "அந்த வேலையில் இருந்த எது இப்போது இல்லையே என்று தோன்றுகிறது?" என்றும் அவரிடம் கேளுங்கள். ஆட்களைப் பிடிக்க, தெரிந்தவருக்குத் தெரிந்தவர், உங்கள் கல்லூரியின் பழைய மாணவர்கள், லிங்க்ட்இன் என்ற வரிசையில் போகலாம்.

கேட்டு எழுதும் செய்தி ஐந்தாறு வரியைத் தாண்டக் கூடாது. இப்படி இருக்கலாம்:

"வணக்கம். நான் கணக்குப் பிரிவில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் அன்றாட வேலை எப்படி இருக்கும் என்று 20 நிமிடம் போனில் கேட்க முடியுமா? அடுத்த வாரம் செவ்வாய் அல்லது வியாழன் மாலை, இல்லையென்றால் உங்களுக்கு வசதியான நேரம். சிபாரிசு கேட்டு எழுதவில்லை."

இதோடு பயோடேட்டாவை இணைத்தால் கடைசி வரி பொய்யாகிவிடும். பதில் வரவில்லையா? ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் மௌனம் என்றால் அடுத்தவரைப் பாருங்கள்.

கேள்விகளில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். "இந்த வேலை எப்படி இருக்கும்?" என்றால் "நல்லாத்தான் இருக்கும்" என்றுதான் பதில் வரும். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் சொல்வார்கள். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலைவரை என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், எத்தனை மீட்டிங், எத்தனை மணி நேரம் திரையின் முன், யாருடன் இழுபறி என்று எல்லாம் வெளியே வரும். இன்னும் சில:

- சேரும்முன் நினைத்ததற்கும் நடப்பதற்கும் எதில் பெரிய வித்தியாசம்?
- புதிதாக வருகிறவர்கள் எதில் திணறுகிறார்கள்?
- எந்த மாதிரி ஆளுக்கு இது ஒத்துவராது?
- நான் இன்றே கற்கத் தொடங்குவதானால் எதில் தொடங்கலாம்?

நிறுவனத்தின் இணையதளத்திலேயே இருப்பதைக் கேட்காதீர்கள். படிக்காமல் வந்திருக்கிறீர்கள் என்று உடனே தெரிந்துவிடும். சம்பளத்தைப் பொறுத்தவரை, "உங்களுக்கு எவ்வளவு?" என்பது சங்கடம்; "புதிதாகச் சேர்பவருக்கு எதிலிருந்து எதுவரை கிடைக்கும்?" என்றால் தயங்காமல் சொல்பவர்கள் உண்டு. பத்துக் கேள்வி தயார் செய்தாலும் ஆறுக்குத்தான் நேரம் இருக்கும், ஆகவே முக்கியமானவற்றை மேலே வையுங்கள்.

பதிவு செய்வதானால் முன்னமே அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் ஒலிப்பதிவு பேச்சை இறுக்கிவிடும். கையால் குறிப்பெடுப்பதே மேல். 18-வது நிமிடத்தில், "நேரம் ஆகிவிட்டது, கடைசியாக ஒன்று" என்று நீங்களே சொல்லுங்கள். அவருக்கு விருப்பம் இருந்தால் அவரே நீட்டுவார். அந்தக் கடைசிக் கேள்வி: "இதைப் பற்றி வேறு யாரிடம் பேசலாம்?" அடுத்த சந்திப்புக்கு வழி பெரும்பாலும் இங்கிருந்துதான் கிடைக்கும்.

முடிந்த அரை மணிக்குள் குறிப்புகளை விரித்து எழுதிவிடுங்கள். நன்றிச் செய்தி 24 மணி நேரத்துக்குள் போகட்டும். வெறும் நன்றியாக இல்லாமல், அவர் சொன்னதில் உங்களுக்கு உதவிய ஒன்றைக் குறிப்பிடுங்கள்.

பிறகு எல்லாக் குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் மட்டும் சொன்ன குறை அவருடைய மேலாளரின் குறையாகக்கூட இருக்கலாம். மூவரும் வெவ்வேறு வார்த்தையில் ஒரே குறையைச் சொன்னால் அது பெரும்பாலும் அந்தத் தொழிலின் குணம். அதோடு தினமும் காலம் தள்ள உங்களால் முடியுமா என்று அப்போது யோசியுங்கள்.