தொழிலதிபர் சுயேச்சையாக நிற்கும்போது சறுக்கும் இடங்கள்

சென்னையில் நல்ல பேர் எடுத்த கம்பெனி முதலாளி ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்க முடிவெடுத்தால், முதலில் அவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் அவருடைய டிரஸ்ட்தான். பத்து வருடமாக வியாசர்பாடியில் இலவச நோட்டு கொடுத்திருப்பார், மருத்துவ முகாம் நடத்தியிருப்பார். அதே வேன், அதே பேனர், அதே ஊழியர்கள் தேர்தல் நேரத்திலும் தெருவுக்குள் வந்தால் பறக்கும் படை அதைத் தர்மமாகப் பார்க்காது. வாக்காளருக்குப் பரிசு கொடுத்ததாகத்தான் எழுதிக்கொள்ளும். வருடா வருடம் செய்வதுதானே என்றால் எடுபடாது. தேதி அறிவிப்பதற்கு முன்பே டிரஸ்ட் பொறுப்பிலிருந்து விலகி, போர்டில் இருக்கும் படத்தையும் எடுத்துவிடுவது நல்லது. கம்பெனி சமூக நலப் பணிக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தைத் தேர்தல் பக்கம் திருப்பவே கூடாது.

அடுத்தது செலவுக் கணக்கு. தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கு உச்சவரம்பு 40 லட்சம். பணம் இருப்பவருக்கு இது சில்லறையாகத் தெரியும், சிக்கலே அங்கேதான். கம்பெனி காரில் போனாலும் வாடகை போட்டுக் கணக்கில் ஏற்றுவார்கள். நாற்காலி, டீ, பிரியாணி எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலகம் விலைப்பட்டியல் வைத்திருக்கிறது. நண்பர் ஓசியில் கொடுத்த மேடைக்கும் விலை உண்டு. தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கி, முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கு கொடுக்க வேண்டும். தக்க காரணமின்றிக் கொடுக்காவிட்டால் 3 ஆண்டு போட்டியிடத் தடை வரலாம்.

வேட்புமனுவை மேனேஜரிடம் தள்ளிவிடாதீர்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்கு 10 பேர் வேண்டும். பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். பெரம்பூரில் நிற்பவர் ஆபீஸ் ஆட்களிடம் கையெழுத்து வாங்குவார், அவர்களில் பாதிப் பேருக்கு ஓட்டு சோழிங்கநல்லூரிலோ சொந்த ஊரிலோ இருக்கும். பாகம் எண், வரிசை எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பேரைக் கூடுதலாகப் பிடித்து வைப்பதும் புத்திசாலித்தனம். பிரமாணப் பத்திரத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல், சொல்ல ஒன்றுமில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். அப்புறம், மாநில அரசுக்குச் சப்ளை செய்யும் ஒப்பந்தமோ அரசு வேலை ஒப்பந்தமோ உங்கள் பேரில் நடப்பில் இருந்தால், மனு போடுவதற்கு முன்பே வக்கீலைப் பாருங்கள்.

சின்னம் கையில் கிடைப்பது வாபஸ் தேதி முடிந்த பிறகுதான். கெடு அவ்வளவு குறைவு என்பதால் அச்சகத்தை முன்கூட்டியே பேசி வையுங்கள். நோட்டீஸில் அச்சகத்தார், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் அதற்கும் வழக்கு உண்டு.

2017-ல் ஆர்.கே. நகரில் டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக ஜெயித்ததைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். அவருக்குப் பின்னால் கட்சியிலிருந்து பிரிந்து வந்த ஒரு பட்டாளமே இருந்தது. உங்களுக்கு ஒவ்வொரு பூத்திலும் காலை முதல் மாலை வரை உட்கார ஏஜென்ட் இருக்கிறாரா? டெபாசிட் 10,000 ரூபாய்தான், ஆனால் அது திரும்ப வர, செல்லும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். ஒன்றரை லட்சம் ஓட்டு விழுந்தால் 25,000-ஐத் தாண்ட வேண்டும். முகாமில் வரிசையில் நின்ற கூட்டத்தை வைத்து இதைக் கணக்குப் போடாதீர்கள்.

சரி, ஜெயித்தே விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே ஆளுங்கட்சியில் சேர்ந்தால் கட்சித் தாவல் சட்டப்படி பதவி போய்விடும். வெளியில் இருந்து ஆதரவு தரலாம், உறுப்பினர் அட்டை மட்டும் வாங்கக் கூடாது.