மேட்பிளாட்லிப் வரைபடம் நினைத்தபடி வரவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

பைத்தானில் வரைபடம் போட வருபவர்களில் பெரும்பாலோர் முதலில் தொடுவது மேட்பிளாட்லிப்பைத்தான். நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர், மூளையின் மின்சமிக்ஞைப் பதிவுகளைப் பார்ப்பதற்காக எழுதத் தொடங்கியது இது, 2003-இல் வெளிவந்தது. இத்தனை ஆண்டு வளர்ந்ததில் ஒரே வேலைக்கு மூன்று நான்கு வழிகள் சேர்ந்துவிட்டன. தேடிப் பார்த்தால் ஒருவர் ஒரு வழியைச் சொல்லியிருப்பார், இன்னொருவர் வேறு வழியை. இரண்டையும் கலந்து ஒட்டும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

படம் கோணலாக வந்தால் உடனே நிறத்தையும் எழுத்தளவையும் மாற்றிப் பார்க்காதீர்கள். முதலில் தரவு, அப்புறம் படம் திரையில் வருகிறதா என்பது, அப்புறம் இடம் போதுகிறதா என்பது. அலங்காரம் கடைசியில்தான்.

கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். நிரலில் வழக்கம்போல ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்; useOffset, rcParams, fontManager ஆகியவற்றில் மட்டும் நடுவில் ஒரு பேரெழுத்து வரும். ‘பிஎல்டி’ என்பது மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் பகுதிக்கும், ‘பிடி’ என்பது பாண்டாஸுக்கும் வழக்கமாக வைக்கும் சுருக்கப் பெயர்கள்.

படி 1: ஃபிகர் எது, ஆக்சஸ் எது

ஃபிகர் என்பது முழுத் தாள். ஆக்சஸ் என்பது அந்தத் தாளுக்குள் கோடு வரையப்படும் கட்டம். ஒரு ஃபிகருக்குள் எத்தனை ஆக்சஸ் வேண்டுமானாலும் இருக்கலாம். நிரலின் தொடக்கத்திலேயே ‘பிஎல்டி.சப்பிளாட்ஸ்’ என்று கூப்பிட்டு, அது தரும் இரண்டையும் ‘ஃபிக்’, ‘ஏஎக்ஸ்’ என்ற பெயர்களில் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். கோடு, தலைப்பு, அச்சின் பெயர் எல்லாம் ‘ஏஎக்ஸ்’ மூலமாக. சேமிப்பதும் அளவும் ‘ஃபிக்’ மூலமாக.

‘பிஎல்டி.பிளாட்’, ‘பிஎல்டி.டைட்டில்’ என்று நேரடியாக எழுதினாலும் வேலை நடக்கும். ஆனால் அந்த முறையில், ‘இப்போது எந்தப் படம் கையில் இருக்கிறது’ என்பதை நூலகமே முடிவு செய்கிறது. இரண்டு படங்கள் ஆனதும் முதல் படத்தின் தலைப்பு இரண்டாவதில் போய் உட்காரும். புதிதாகக் கற்பவருக்கு முதல் நாளிலிருந்தே ‘ஃபிக், ஏஎக்ஸ்’ முறையைத்தான் பரிந்துரைப்பேன்.

படி 2: தரவைப் பாருங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும். ஒரு சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) வெப்பநிலைப் பதிவுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: 28.4, 27.9, 31.2, 9.7 என்று போகிறது. நடுவில் ஒரே ஒரு இடத்தில் கருவி வேலை செய்யவில்லை. அங்கே ‘--’ என்று பதிவாகியிருக்கிறது. அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் நூலகம் இதைப் படிக்கும்போது அந்த ஒரு செல்லுக்காக முழு நெடுவரிசையையும் எழுத்துச் சரமாக எடுத்துக்கொள்ளும். மேட்பிளாட்லிப் எழுத்துச் சரத்தைப் பார்த்ததும் அவை எண்கள் என்று நினைக்காது, வகைப் பெயர்கள் என்று நினைத்துக்கொள்ளும். முதலில் வந்த 28.4-க்கு 0-ஆம் இடம், அடுத்த 27.9-க்கு 1-ஆம் இடம், 31.2-க்கு 2-ஆம் இடம், 9.7-க்கு 3-ஆம் இடம். அதாவது 9.7 என்பது 31.2-க்கு மேலே நிற்கும்!

இதை அடையாளம் காண்பது எளிது. மதிப்புகள் திரும்பத் திரும்ப வராமல் இருந்தால், கோடு இடது கீழிலிருந்து வலது மேலாக ஒரே நேராக ஏறும். ஒய் அச்சில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு கறுப்புப் பட்டையாகத் தெரியும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் ஆபத்து. கோடு அழகாக ஏறுகிறது என்று நம்பி அறிக்கையில் போட்டுவிட வாய்ப்பு உண்டு.

தீர்வு இதுதான். வரைவதற்கு முன் தரவுச்சட்டத்தின் ‘டிடைப்ஸ்’ என்பதை அச்சிட்டுப் பாருங்கள். எண்ணாக இருக்க வேண்டிய நெடுவரிசைக்கு எதிரே ‘ஃப்ளோட்64’ அல்லது ‘இன்ட்64’ இருக்க வேண்டும். ‘ஆப்ஜெக்ட்’ என்றோ ‘எஸ்டிஆர்’ என்றோ இருந்தால் சிக்கல். ‘பிடி.டு_நியூமெரிக்’ கொண்டு மாற்றுங்கள். அதில் ‘எரர்ஸ்’ என்பதற்கு ‘கோயர்ஸ்’ என்று கொடுத்தால், எண்ணாக மாறாதவை வெற்று மதிப்பாகிவிடும், கோடு அந்த இடத்தில் விட்டுப்போகும். அப்படி எத்தனை மதிப்புகள் வெற்றானது என்று எண்ணிப் பார்ப்பதும் அவசியம். எண்களுக்குள் ‘1,250’ போலக் காற்புள்ளி இருந்தாலும் இதே கதைதான். கோப்பைப் படிக்கும்போதே ‘தவுசண்ட்ஸ்’ என்பதற்குக் காற்புள்ளியைக் கொடுத்துவிடுங்கள்.

தரவிலிருந்து வரும் இன்னும் சில கோளாறுகள்:

கோடு முன்னும் பின்னும் ஓடி நூல் சிக்கல்போலத் தெரிந்தால், எக்ஸ் மதிப்புகள் வரிசைப்படி இல்லை. மேட்பிளாட்லிப் கொடுத்த வரிசையிலேயே புள்ளிகளை இணைக்கும். ‘சார்ட்_வேல்யூஸ்’ போட்டு வரிசைப்படுத்துங்கள்.

எக்ஸும் ஒய்யும் ஒரே நீளத்தில் இல்லை என்று பிழை வந்தால், செய்தியின் கடைசியில் இரண்டு நீளங்களும் இருக்கும். 100, 99 என்று ஒன்று மட்டும் குறைந்திருந்தால், பெரும்பாலும் அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசத்தைக் கணக்கிட்டிருப்பீர்கள். எக்ஸின் முதல் மதிப்பை விட்டுவிட்டு வரையலாம்.

மடக்கை அளவுகோலில் சில புள்ளிகள் காணாமல் போனால், அவை பூச்சியமாகவோ எதிர்ம எண்ணாகவோ இருக்கும். அவையும் தெரிய வேண்டுமென்றால் ‘லாக்’ என்பதற்குப் பதிலாக ‘சிம்லாக்’ கொடுங்கள்.

படி 3: வெற்றுப் படம்

திரையில் படம் நன்றாக வருகிறது, சேமித்த கோப்போ வெள்ளையாக இருக்கிறது. ‘பிஎல்டி.ஷோ’வுக்குப் பிறகு ‘பிஎல்டி.சேவ்ஃபிக்’ எழுதியிருப்பீர்கள். சாளரத்தை மூடியதும் அந்தப் படம் போய்விடும். அதற்குப் பிறகு சேமிக்கச் சொன்னால் புதிதாக ஒரு வெற்றுத் தாளைத் திறந்து அதைச் சேமிக்கும். சேமிப்பதை முன்னால் வையுங்கள், ‘ஃபிக்.சேவ்ஃபிக்’ என்றே எழுதுங்கள்.

திரையிலேயே எதுவும் வராமல், ஏஜிஜி என்ற பெயருடன் ‘காட்ட முடியாது’ என்ற எச்சரிக்கை வந்தால், சாளரம் திறக்கத் தெரிந்த பின்தளம் (படத்தை உண்மையில் வரைந்து காட்டும் பகுதி) கணினியில் இல்லை என்று பொருள். டிகேஇன்டர் அல்லது பைக்யூடி நிறுவினால் சரியாகிவிடும். திரையே இல்லாத சர்வரில் ஓட்டுகிறீர்கள் என்றால் கோப்பாகச் சேமித்துக்கொள்வதே வழி.

இன்னொன்று: உங்கள் நிரல் கோப்புக்கு ‘மேட்பிளாட்லிப்’ என்றே பெயர் வைக்காதீர்கள். பைத்தான் உண்மையான நூலகத்தை விட்டுவிட்டு உங்கள் கோப்பையே இறக்குமதி செய்யப் பார்க்கும்.

படி 4: வெட்டுப்படும் எழுத்தும் விசித்திரமான எண்களும்

அச்சின் பெயர் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டால் ‘சப்பிளாட்ஸ்’ கூப்பிடும்போதே ‘லேயவுட்’ என்பதற்கு ‘கன்ஸ்ட்ரெயிண்ட்’ (constrained) கொடுத்துவிடுங்கள். பல கட்டங்கள் உள்ள படத்துக்கும் இது நன்றாக இடம் ஒதுக்கும்.

மதிப்புகள் 100001, 100002, 100003 என்று இருக்கும்போது அச்சில் 1, 2, 3 என்று மட்டும் தெரிந்து, மூலையில் சின்னதாக ‘+1இ5’ (அதாவது 100000-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்) என்று நிற்கும். பிழை இல்லை; பொதுவான பகுதியை மட்டும் பிரித்து எழுதியிருக்கிறது. ஆனால் படிப்பவர்கள் அந்த மூலையைக் கவனிப்பதே இல்லை. ‘டிக்லேபிள்_ஃபார்மேட்’ அழைத்து ‘யூஸ்ஆஃப்செட்’டைப் பொய்யாக்குங்கள் (False).

லெஜண்ட் (எந்தக் கோடு எது என்று சொல்லும் பெட்டி) காலியாக வந்தால், ‘பிளாட்’ கூப்பிடும்போது ‘லேபிள்’ கொடுக்க மறந்திருப்பீர்கள். லெஜண்ட் கோட்டை மறைத்தால், இடத்தைக் குறிக்கும் ‘லாக்’ (loc) என்பதற்கு ‘அப்பர் லெஃப்ட்’டும், ‘பிபாக்ஸ்_டு_ஆங்கர்’ என்பதற்கு 1.02, 1-உம் கொடுத்துக் கட்டத்துக்கு வெளியே வலப்பக்கம் தள்ளலாம்.

படி 5: நிறம்

2017-இல் வந்த 2.0 பதிப்பில் எண்களை நிறமாக்கிக் காட்டும் இயல்பு வண்ணவரிசை ‘ஜெட்’டிலிருந்து ‘வைரிடிஸ்’ ஆக மாறியது. அதற்குக் காரணம் உண்டு. ஜெட்டில் மஞ்சளும் வெளிர்நீலமும் மற்ற நிறங்களைவிடப் பளிச்சென்று இருப்பதால், தரவில் இல்லாத எல்லைக்கோடுகள் கண்ணுக்குத் தெரியும். வைரிடிஸின் ஒளிர்வு சீராக ஏறுகிறது. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் எது அதிகம் எது குறைவு என்பது புரியும். அதனால் பழைய உதாரணங்களைப் பார்த்து ஜெட்டுக்குத் திரும்பாதீர்கள்.

பூச்சியத்துக்கு மேலும் கீழும் போகும் தரவுக்கு ‘கூல்வார்ம்’ பொருத்தம். அப்போது வண்ணவரிசையின் கீழ் எல்லையான ‘விமின்’ –5 என்றால், மேல் எல்லையான ‘விமேக்ஸ்’ 5 என்று சமமாக வையுங்கள். இல்லையென்றால் நடுநிறம் பூச்சியத்தில் விழாது.

படி 6: தமிழில் பெயர் எழுத

அச்சுக்கு ‘வெப்பநிலை’ என்று பெயர் வைத்தால் கட்டம் கட்டமாக வரும். இயல்பு எழுத்துருவான டெஜாவு சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவி, ‘ஃபான்ட்மேனேஜர்.ஆட்ஃபான்ட்’ மூலம் கோப்பைக் காட்டி, இயல்பு மதிப்புகளை வைத்திருக்கும் ‘ஆர்சிபேரம்ஸ்’ அமைப்பில் ‘ஃபான்ட்.ஃபேமிலி’க்கு நோட்டோ, டெஜாவு இரண்டையும் பட்டியலாகக் கொடுங்கள். 3.6 பதிப்பிலிருந்து, முதல் எழுத்துருவில் இல்லாத குறியை அடுத்ததிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கட்டங்கள் போய்விடும், வேலை முடியாது. ‘வெ’யில் உள்ள ஒற்றைக்கொம்பு ‘வ’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் நிற்கும்; ‘லை’யிலும் அதேதான். 3.10 பதிப்பு வரை மேட்பிளாட்லிப்பின் வழக்கமான பின்தளங்கள் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே அடுக்குகின்றன. இந்திய மொழிகளுக்குத் தேவையான இடமாற்றத்தைச் செய்வதில்லை. எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

இதற்கு எனக்குப் பிடித்த வழி: ‘ஆர்சிபேரம்ஸ்’ அமைப்பில் ‘எஸ்விஜி.ஃபான்ட்டைப்’ என்பதை ‘நன்’ ஆக்கி, படத்தை எஸ்விஜியாகச் சேமியுங்கள். எழுத்து எழுத்தாகவே கோப்பில் போகும். உலாவியிலோ, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளிலோ திறந்தால், அவை தமிழைச் சரியாகக் கோர்த்துக் காட்டும். இங்க்ஸ்கேப்பிலிருந்து பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளலாம். பார்க்கும் கணினியில் அந்த எழுத்துரு இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிஎன்ஜியே வேண்டுமென்றால் எம்பிஎல்கெய்ரோ என்ற தனிப் பின்தளம் ரேக்ம் நூலகத்தின் துணையோடு இதைச் செய்கிறது.

படி 7: அளவும் சேமிப்பும்

இயல்பு ஃபிகர் 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம். ஓர் அங்குலத்துக்கு 100 புள்ளிகள். ஆக 640க்கு 480 பிக்சல். படம் மங்கலாக இருந்தால் ‘சேவ்ஃபிக்’கில் ‘டிபிஐ’ 300 என்று கொடுங்கள். 1920க்கு 1440 கிடைக்கும். தெளிவுக்காக ‘ஃபிக்சைஸ்’ஸைப் பெரிதாக்க வேண்டாம். எழுத்தளவு பாயிண்ட்டில், அதாவது அங்குலத்தின் 72-இல் ஒரு பங்கில் அளக்கப்படுகிறது. தாளை இரண்டு மடங்கு பெரிதாக்கி, பிறகு ஆவணத்தில் பாதியாகச் சுருக்கினால் 10 பாயிண்ட் எழுத்து 5 பாயிண்ட் ஆகிவிடும். கட்டுரையில் படம் 3.5 அங்குல அகலத்தில் வரப்போகிறது என்றால் ‘ஃபிக்சைஸ்’ஸின் அகலத்தையும் 3.5 என்றே வையுங்கள். அப்போது திரையில் பார்க்கும் விகிதம்தான் தாளிலும் வரும்.

சுழற்சிக்குள் நிறையப் படங்கள் வரைகிறீர்கள் என்றால், ஒவ்வொன்றையும் சேமித்ததும் ‘பிஎல்டி.குளோஸ்’ என்று ‘ஃபிக்’கைக் கொடுத்து மூடிவிடுங்கள். 20-க்கு மேல் திறந்தே கிடந்தால் எச்சரிக்கை வரும். அதையும் கண்டுகொள்ளாமல் விட்டால் நினைவகம் நிறைந்துகொண்டே போகும்.