பெடாட் படலத்தில் வந்த பொய் சிக்னல்: என் அனுபவம்

யிட்ரியம் இரும்பு கார்னெட் (மின்சாரம் கடத்தாத காந்தப் பொருள்) மேல் பெடாட்:பிஎஸ்எஸ் (மின்சாரம் கடத்தும் பாலிமர்) படலம் பூசி, மைக்ரோவேவ் கொடுத்து ஸ்பின்னை, அதாவது எலக்ட்ரானின் உள்ளார்ந்த சுழற்சிப் பண்பை, பாலிமருக்குள் தள்ளி, அது மின்னழுத்தமாக மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காந்த ஒத்ததிர்வு வரும் இடத்தில், அதாவது கார்னெட் மைக்ரோவேவை மிக அதிகமாக உறிஞ்சும் காந்தப்புலத்தில், அழகான உச்சம். ஆனால் அது ஸ்பினால் வந்ததென்றால், காந்தப்புலத்தின் திசையைத் திருப்பினால் மின்னழுத்தத்தின் குறி (கூட்டல், கழித்தல்) மாற வேண்டும், மாறவே இல்லை.

காரணம் வெப்பம். ஒத்ததிர்வில் கார்னெட் மைக்ரோவேவை உறிஞ்சிச் சூடாகிறது, ஒரு முனை கொஞ்சம் அதிகமாக. பெடாட்:பிஎஸ்எஸ்ஸின் சீபெக் குணகம் (இரு முனைகளுக்கிடையே வெப்பநிலை வித்தியாசம் இருந்தால் எவ்வளவு மின்னழுத்தம் வரும் என்ற அளவு) கெல்வினுக்குச் சுமார் 15 மைக்ரோவோல்ட், அப்படியென்றால் 0.1 கெல்வின் வித்தியாசமே 1.5 மைக்ரோவோல்ட் கொடுத்துவிடும், நான் தேடும் ஸ்பின் சிக்னலோ நானோவோல்ட்களில்தான் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். மைக்ரோவேவ் திறனை ஏற்றி இறக்கிப் பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் இரண்டுமே திறனோடு நேர்விகிதத்தில்தான் ஏறும் (இதை ஆதாரமாகக் காட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான்).

சரி, செய்தது இதுதான்: சில்வர் பேஸ்ட் தொடுப்புகளை இரு முனையிலும் சமச்சீராக வைத்தேன், சூடு குறையத் திறனைக் குறைத்தேன், அப்புறம் மின்காந்தத்தின் மின்னோட்டத்தைத் திருப்பி இரு திசையிலும் அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாதி எடுத்தேன். குறி மாறாத சீபெக் பங்கு கழிந்துபோய், சின்னதாக ஒரு உச்சம் மிஞ்சியது. அதையும் உடனே நம்பவில்லை. புலத்தைப் படலத்துக்குச் செங்குத்தாக வைத்தால் ஸ்பின் பங்கு பூஜ்யமாக வேண்டும், ஆனது. சூட்டால் வரும் உச்சம் மட்டும் அப்போதும் அப்படியே நின்றது.