குருத்தணு ஆய்வின் வேரை மேற்கோள்களின் வழியே தேடுதல்

பிற கலங்களைத் தோற்றுவிக்கும் குருத்தணு, அதாவது ஸ்டெம் செல், பற்றிய ஆய்வு எங்கே தொடங்கியது என்று அறிய விரும்பும் மாணவர், அச்சொல்லைத் தலைப்பிற் கொண்ட பழைய கட்டுரைகளையே முதலில் தேடுவார். அந்த வழி ஏமாற்றும். கதிர்வீச்சுக்கு உட்படுத்திய சுண்டெலிகளுக்கு என்புமச்சைக் கலங்களைச் செலுத்தியபோது மண்ணீரலில் சிறு முடிச்சுகள் உருவாவதைக் கண்டு, ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ட் மக்கலக் ஆகிய இருவரும் 1961இல் டொரன்டோவிலிருந்து வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் அச்சொல்லே இல்லை. ஆயினும் பின்வந்தோர் அதனை இடைவிடாது மேற்கோள் காட்டினர். எனவே இன்றைய கட்டுரைகளின் உசாத்துணைப் பட்டியல்களிலிருந்து பின்னோக்கி நடப்பதே சரியான வழி.

இதற்குச் சந்தா தேவையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்திலோ வீட்டிலோ ஓர் இணைய இணைப்பு இருந்தால், ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் கிராஸ்ரெஃப் தரவுத்தளத்திலிருந்து உசாத்துணைகளைப் பெற்று, சிஆர்எக்ஸ்ப்ளோரர் என்ற இலவச மென்பொருளில் ஏற்றலாம். அது மேற்கோள் காட்டப்பட்ட படைப்புகளை வெளியான ஆண்டுவாரியாக எண்ணி, ஒவ்வோர் ஆண்டின் எண்ணிக்கையும் அவ்வாண்டையும் அதன் முன்பின் இரண்டிரண்டு ஆண்டுகளையும் சேர்த்த ஐந்தாண்டு இடையத்திலிருந்து (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணிலிருந்து) எவ்வளவு விலகுகிறது என்பதை வரைபடமாகத் தரும்.

வரைபடத்தைப் பார்க்குமுன், மேற்கோள்களில் பலவாறு எழுதப்பட்ட ஆசிரியர் பெயர்களைச் சீர்செய்ய வேண்டும்; பொறுமை மிகவும் தேவைப்படும் வேலை இதுவே. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் நம்மவர் பெயர்கள் வெளிநாட்டு அட்டவணைகளில் தலைகீழாவதை அறிந்த யாழ்ப்பாண வாசகருக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். எர்ன்ஸ்ட் ஹெக்கல், வாலன்டின் ஹெக்கர் ஆகிய இரு ஜெர்மானிய உயிரியலாளரின் பெயர்கள் ஓரெழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. இருவருமே இந்த வரலாற்றில் இடம்பெறுவோர்.

பின்னர் வரைபடத்தில் உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு முகட்டையும் எழுப்பிய படைப்பு எதுவெனத் திறந்து பாருங்கள். 1981இல் எவன்ஸும் காஃப்மனும், தனியே கெயில் மார்ட்டினும், சுண்டெலி முளையத்திலிருந்து குருத்தணுக்களை வளர்த்தமை உண்மையான மைல்கல். 1958இல் ஒரு முகடு தோன்றினாலோ, அது உயிர்வாழ் காலத்தைக் கணிக்கும் கப்லான்–மையர் புள்ளியியல் முறையின் விளைவாக இருக்கலாம்; அது குருத்தணு ஆய்வின் வேரன்று, பொதுக் கருவியே, ஆதலால் அதனை விலக்கிவிடுங்கள்.

1900க்கு முந்திய மேற்கோள்கள் சொற்பமாதலால், அங்கே சில குறிப்புகளே முகடாகிவிடும். ஆகவே மூலநூலையே வாசித்தாக வேண்டும். 1868இல் ஹெக்கல் ஸ்டெம் செல் என்பதன் ஜெர்மன் சொல்லால் குறித்தது உயிரினங்கள் அனைத்துக்கும் மூதாதையான ஒருகல உயிரையே. ஒரே உடலுக்குள் பிற கலங்களைத் தோற்றுவிக்கும் கலம் என்ற, இன்றைய பொருளுக்கு நெருங்கிய பயன்பாட்டை 1892இல் ஜெர்மானிய உயிரியலாளர் தியோடர் போவேரி, ஹெக்கர் ஆகியோரின் எழுத்துகளில் காணலாம்.