சபை கீபோர்டிலிருந்து கச்சேரிப் பியானோவுக்கு: குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

நம் குமரி மாவட்டத்தில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஞாயிறு ஆராதனையில் பாடகர் குழுவுக்கு வாசித்தே விரல் பழகிய பிள்ளை ஒன்று, மேற்கத்திய சாஸ்திரிய இசையில் தனிக் கச்சேரி செய்யும் பியானோ கலைஞராக வேண்டும் என்று வீட்டில் சொன்னால், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் பெற்றோருக்கும் அந்தப் பிள்ளைக்கும் இதை எழுதுகிறேன்.

முதலில் கருவியைப் பற்றித் தெளிவு வேண்டும். பியானோவில் 88 கட்டைகள் உண்டு. ஒவ்வொரு கட்டையும் கம்பளம் சுற்றிய ஒரு சுத்தியலை இயக்குகிறது, அந்தச் சுத்தியல் எவ்வளவு வேகமாகக் கம்பியை அடிக்கிறதோ அவ்வளவு ஒலி எழும். சாதாரண 61 கட்டைக் கீபோர்டில் சுத்தியல் இல்லாததால், கட்டையை அழுத்தும்போது அந்தக் கனம் விரலுக்குத் தெரியாது. அதில் வளர்ந்த பிள்ளை முதன்முதலாகப் பியானோவின் முன் அமரும்போது நடப்பதை வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறேன். மெல்லிய இடம் வந்ததும் பிள்ளை கட்டையைத் தடவுவதுபோல் அழுத்தும். கட்டை அடிவரை இறங்கும், ஆனால் சுத்தியல் கம்பியை எட்டாமல் திரும்பிவிடும், ஒலியே வராது. பிள்ளை திகைத்துத் தன் விரலைப் பார்க்கும். ஆகவே இசைத் தேர்வுகளின் கட்டணத்துக்குச் சேர்க்கும் பணத்தை, முதலில் கனமான 88 கட்டைகள் உள்ள டிஜிட்டல் பியானோவுக்குச் சேர்ப்பதே நல்லது. பழைய மரப் பியானோ மலிவாகக் கிடைத்தாலும், குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். இரு பருவமழையும் பெறும் நம் பகுதியில் மரம் ஈரம் குடித்துக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். சுருதி சேர்ப்பவர் ஆண்டுக்கு இருமுறையாவது வந்துபோக வழியில்லை என்றால் அதை வாங்காதீர்கள்.

பயிற்சியில் நம் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய மூலதனம் இருக்கிறது: நான்கு குரல்களில் பாடும் பழக்கம். சபையில் பாடும் ஒரு பாமாலைப் பாட்டை எடுத்து, சோப்ரானோ, ஆல்டோ, பாஸ் மூன்றையும் விரலில் வாசித்துக்கொண்டு டெனரை மட்டும் வாயால் பாடச் சொல்லுங்கள். முதல் வாரம் இரண்டு வரிகூட நகராது. ஆனால் இது கைவந்த பிள்ளை, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இன்வென்ஷன்கள் என்னும் இரண்டு குரல் சிறு உருப்படிகளையும், பின்னர் அவருடைய 48 முன்னிசை–ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கும் வடிவம்) தொகுதியையும் தொடும்போது, ஒவ்வொரு குரலையும் தனித்தனியே கேட்கும்.

லண்டனின் டிரினிட்டி போன்ற இசைத் தேர்வு அமைப்புகளின் கிரேடு தேர்வுகள் எட்டாம் நிலை வரை உண்டு, எழுதுங்கள், தவறில்லை. ஆனால் ஓராண்டு முழுவதும் தேர்வுக்குரிய மூன்று நான்கு உருப்படிகளையே அரைத்து, சான்றிதழ்களை மட்டும் அடுக்குவதை நான் ஏற்கமாட்டேன். கச்சேரிக் கலைஞர் ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியை மனப்பாடமாக வாசிக்க வேண்டியவர். அதற்கு உருப்படிகள் கையிருப்பாகப் பெருக வேண்டும்.

வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிப்பது உழைப்பு ஆகாது. அமெரிக்கக் கலைஞர் லியான் ஃபிளைஷர் 1960களில், புகழின் உச்சியில், வலக்கை விரல்கள் மடங்கிப்போகும் நரம்புக் கோளாறால் பல ஆண்டுகள் இடக்கைக்கான படைப்புகளை வாசித்தும், கற்பித்தும், இசைக்குழுக்களை நடத்தியும் வாழ்ந்தார். முன்கை இறுகினால் உடனே நிறுத்துங்கள், மறுநாள் பாதி வேகத்தில் தொடங்குங்கள்.

தனிக் கச்சேரியை மட்டும் நம்பி வாழ்பவர்கள் உலகெங்கும் மிகச் சிலரே; பெரும்பாலோர் கற்பித்தும், பாடகர்களுக்கும் வயலின் கலைஞர்களுக்கும் பக்கவாத்தியமாக வாசித்தும் சம்பாதிக்கிறார்கள். எனவே நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் திறனை இப்போதே வளர்க்க வேண்டும். மேற்படிப்புக்குச் சென்னையில் 2008இல் தொடங்கப்பட்ட கே.எம். இசைக் கல்லூரி உண்டு. பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் கல்லூரியில் 1928 முதல் கல்விக் கட்டணமே இல்லை, ஆனால் இடங்கள் மிகக் குறைவு, தேர்வு மிகக் கடுமை.

வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவும் முதலில் காணொளிப் பதிவைக் கேட்கும். பதிவுக்கு முந்தைய நாள் பியானோவுக்குச் சுருதி சேர்த்துவிடுங்கள். கைகளும் முகமும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி, ஒவ்வொரு உருப்படியையும் வெட்டாமல் ஒரே மூச்சில் எடுங்கள். மழை ஓட்டில் அடிக்கும் மாதங்களைத் தவிர்த்து, ஊர் அடங்கிய பிறகு பதிவு செய்யுங்கள்.