கார் ஷெட்டில் ஹாம் ரேடியோ: தனித்தனியாக இரண்டு எர்த் வேண்டாம்

சென்ற மாதம் பர்கூர் பக்கம் ஓர் இளைஞர், கார் ஷெட்டில் தான் அமைத்த ஹாம் (பொழுதுபோக்காக வானொலியில் பேசும்) நிலையத்தைப் பார்க்க அழைத்திருந்தார். உரிமமும் நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியும் வந்துசேர்ந்த பூரிப்பு முகத்தில் தெரிந்தது. என் கண்ணோ, சுவரோரம் தரைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்த செம்பு எர்த் கம்பியிலேயே நின்றுவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் நான் அடித்ததும் அப்படிப்பட்ட கம்பிதான்.

ரேடியோவுக்கென்று தனி எர்த்

"வீட்டு எர்த்தில் இரைச்சல் வரும், ரேடியோவுக்குத் தனியாகப் போடு" என்று புதியவர்களிடம் யாராவது சொல்லிவிடுகிறார்கள். என்னிடமும் சொன்னார்கள். எங்கள் மண்ணில் இரண்டடி தோண்டினால் பாறை. கம்பி இறங்காததால் மீதியை அறுத்துவிட்டு ரேடியோவை அதில் இணைத்தேன். வீட்டு எர்த்தோடு சேர்க்கவில்லை.

ஒரு சித்திரை மாதக் கோடைமழையில் பக்கத்துத் தோப்புத் தென்னையில் இடி விழுந்தது. என் ஆன்டெனாவை அது தொடவே இல்லை. ஆனாலும் ரேடியோ போய்விட்டது. மூடியைத் திறந்தால் கருகல் வாடை. உள்ளே செம்புத் தடம் ஒன்று உரிந்து சுருண்டு கிடந்தது. மூன்று ஆண்டுச் சேமிப்பு அது. இன்றும் நினைத்தால் ஆறவில்லை.

இடி இறங்கும்போது நிலத்தின் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் மாறும். தள்ளித்தள்ளி இருக்கும் இரண்டு எர்த்துக்கு நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரலாம். அந்த மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய ரேடியோவும் பவர் சப்ளையும்தான் பாலம். ஆகவே இரண்டு எர்த்தையும் தடித்த செம்புப் பட்டையால் ஷெட்டுக்கு வெளியிலேயே இணையுங்கள். ஆன்டெனா கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்தில் மின்னல் தடுப்பானைப் பொருத்தி, அதையும் அதே பட்டையில் கட்டுங்கள். பாறை தடுத்தால் கம்பியை அறுக்காதீர்கள். அரை மீட்டர் ஆழத்தில் பள்ளம் வெட்டிப் பட்டையைப் படுக்கையாகப் புதையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும், வானம் கறுக்கும் முன்பே கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். நேரடி இடிக்கு எந்தத் தடுப்பானும் உத்தரவாதம் இல்லை.

எர்த் போலவே புதியவர்கள் சறுக்கும் இடங்கள் இன்னும் மூன்று.

தகரக் கூரை

40 மீட்டர் பேண்டுக்கான (அலைவரிசைக்கான) டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் கம்பி ஆன்டெனா, சுமார் 20 மீட்டர் நீளம். அதைத் தகரத்தை ஒட்டி ஒரு முழ உயரத்திலேயே கட்டிவிடாதீர்கள்.

மெல்லிய வயர்

100 வாட் ரேடியோ 13.8 வோல்ட்டில் 20 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். விளக்குக்குப் போடும் வயர் போதாது.

மலிவுக் கேபிள்

145 மெகாஹெர்ட்ஸில் ஆர்.ஜி.58 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிளை 20 மீட்டர் இழுத்தால், அனுப்பும் சக்தியில் பாதிக்கு மேல் கேபிளிலேயே கரைந்துவிடும்.