உதவித்தொகை வேண்டுமா? 'சேஃப்டி' கல்லூரியை இப்படிப் பாருங்கள்

அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்கு (பல துறைப் பாடங்களையும் சேர்த்துப் படிக்கும் இளங்கலைக் கல்லூரிகள்) விண்ணப்பிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் பலர், நூற்றுக்கு அறுபது எழுபது பேரைச் சேர்க்கும் கல்லூரி என்றால் உடனே 'சேஃப்டி', அதாவது எப்படியும் இடம் கிடைத்துவிடும் என்ற பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். முழுப் பணமும் கட்ட முடிந்தவருக்குத்தான் அந்தக் கணக்கு. ஆம்ஹர்ஸ்ட், போடோயின் போன்ற வெகு சில கல்லூரிகளே வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பார்க்காமல் தேர்வு செய்கின்றன. அங்கே இடம் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. மற்ற இடங்களில் பெரும்பாலும், கேட்கும் உதவி கூடக் கூட வாய்ப்பு குறையும்.

கல்லூரிப் பெயரோடு 'காமன் டேட்டா செட்' என்று சேர்த்து இணையத்தில் தேடுங்கள். கல்லூரி தன்னைப் பற்றி வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்பு அது. அதில் எச்6 பகுதிக்குப் போனால், வெளிநாட்டு மாணவர் எத்தனை பேருக்கு உதவி கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு என்று இருக்கும். பி2-வில் அவர்களின் மொத்த எண்ணிக்கை. 200 பேரில் 180 பேருக்குக் கிடைத்திருந்தால் மேலே படியுங்கள். 20 பேருக்குத்தான் என்றால் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். அப்புறம் அந்தச் சராசரியை, தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆண்டுச் செலவிலிருந்து கழியுங்கள். மீதியை வீட்டில் நான்கு வருடமும் கட்ட முடியுமா? மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவம் வாங்கவே முதல் வருடப் பணத்தைக் காட்ட வேண்டும்.

கல்லூரி இணையதளத்தில் இருக்கும், உதவி போக நாம் கட்ட வேண்டியதைக் கணக்கிடும் நெட் பிரைஸ் கால்குலேட்டர் பெரும்பாலும் அமெரிக்க மாணவருக்கானது. அதை நம்பாமல், சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, வெளிநாட்டவருக்கு அதிகபட்சம் எவ்வளவு தருவார்கள் என்று நேராகவே கேளுங்கள். முழுச் செலவுக்கும் உதவி வேண்டுமென்றால், உள்ளூரில் ஒரு கல்லூரிக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.